எந்தக் காலத்துக்கும் போடக்கூடிய தட்டைச் செருப்பு

அம்மா 1988-ல் வாங்கிய கோலாப்பூரித் தோல் செருப்பை நான் இன்றும் கல்யாண வீடுகளுக்குப் போட்டுப் போகிறேன். பெல்பாட்டம் போனது, ஸ்கின்னி ஜீன்ஸ் வந்தது, அதுவும் போனது. செருப்பு அப்படியே இருக்கிறது.

வாங்கும்போது முதலில் திருப்பிப் பாருங்கள். அசல் கோலாப்பூரியில் ஆணி இருக்காது. தோல் இழையாலேயே அடியைத் தைத்திருப்பார்கள். கருவேலம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல் அது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டம், கர்நாடகத்தில் நான்கு என எட்டு மாவட்டங்களில் செய்பவைக்கு அந்தக் குறியீடு. புதுசு கட்டைவிரலைக் கடிக்கும். கட்டைவிரல் நுழையும் தோல் வளையத்தில் ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள், நாலைந்து நாளில் இளகிவிடும். நனைந்தால் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடித்துவிடும்.

மூடிய ஷூ வேண்டுமென்றால் பென்னி லோஃபர் (கயிறு இல்லாமல் அப்படியே காலை நுழைக்கும் தோல் ஷூ, பாஸ் நிறுவனம் 1936-ல் கொண்டுவந்தது), இல்லையென்றால் பாலே நடனக் காலணி போன்ற தட்டையான பாலே ஃப்ளாட். பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோவுக்காக ரெப்பெட்டோ நிறுவனம் 1956-ல் செய்த அந்த வட்ட முனை இன்னும் அலுக்கவில்லை. ஊசி முனை, சதுர முனை, பெரிய பக்கிள் மூன்றையும் தவிருங்கள். வாங்கிய வருஷத்தைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். நிறத்தில் என் தேர்வு எப்போதும் பழுப்பு: பட்டுச்சேலைக்கும் ஒத்துப்போகும், பருத்திக் குர்தாவுக்கும்.