பேத்தியின் மாயா நாள்: ஒரு வகுத்தல் கணக்கு

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் பேசப்படும் கிச்சே என்ற மாயா மொழியில் 'வினாக்' என்றால் மனிதர். இருபதுக்கு 'ஹுவினாக்', அதாவது ஒரு மனிதர். கைவிரல் பத்து, கால்விரல் பத்து; எண்ணி முடித்தால் ஓர் ஆள். 30 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் இது தெரிந்தது என்பதில் கொஞ்சம் வருத்தம்.

அவர்களின் நாள்களும் இருபதில்தான் ஓடுகின்றன. இருபது பெயர்கள், 1 முதல் 13 வரை எண்கள். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று வர 260 நாள். பிள்ளை தாய் வயிற்றில் இருக்கும் காலம் அது என்பார்கள். பிறந்த நாளின் பெயரும் எண்ணும் அந்த ஆளோடு கடைசிவரை வரும். நம்மூர் நட்சத்திரத்துக்குப் பஞ்சாங்கம் வேண்டும்; இதற்கு வகுத்தல் போதும்.

முதலில் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: இமோஷ், இக், அகபால், காட், கான், கமே, கேஹ், கானில், தோஹ், ட்ஸி, பாட்ஸ், ஏ, ஆஹ், இஷ், ட்ஸிகின், அஹ்மாக், நோஹ், திஹாஷ், கவோக், அஹ்பு.

21.12.2012 அன்று 4 அஹ்பு. உலகம் அழியும் என்று ஊரைக் கலக்கினார்களே, அதே நாள். அங்கிருந்து பிறந்த தேதி வரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். என் பேத்தி பிறந்தது 1.6.2017, 1623 நாள். இருபதால் வகுத்தால் மீதி 3, வரிசையில் மூன்றாவது பெயர் அகபால். (மீதி 0 என்றால் அஹ்பு.) 13ஆல் வகுத்தால் மீதி 11. அதோடு 4 கூட்டினால் 15. 13ஐத் தாண்டியதால் 13 கழிக்க 2. ஆக, 2 அகபால்.

21.12.2012க்கு முன் பிறந்தவர்கள் பின்னோக்கி எண்ண வேண்டும். 20இலிருந்து முதல் மீதியைக் கழித்தால் பெயரின் இடம். 4இலிருந்து இரண்டாம் மீதியைக் கழித்தால் எண். அது பூஜ்யமோ அதற்குக் கீழோ போனால் 13 கூட்டுங்கள்.

பிப்ரவரி 29ஐ மறக்காதீர்கள். முதல் தடவை நான் 2016இன் அந்த ஒரு நாளை விட்டுவிட்டேன். 1 இக் என்று வந்தது. இக் என்றால் காற்று. "அதுதானே, ஓரிடத்தில் நிற்கிறாளா!" என்றார்கள் வீட்டில். திருத்திச் சொன்னேன்: அகபால், விடியலின் நாள். "அதுதானே, நாலு மணிக்கே எழுந்துவிடுகிறாளே!" என்றார்கள். பலன் சொல்வதை நாள் காப்பவரான 'அஹ்கீஹ்' பார்த்துக்கொள்ளட்டும். நமக்குக் கணக்கு போதும்.

அந்த அஹ்கீஹ் எண்ணுவது ட்சிதே மரத்தின் சிவப்பு விதைகளை வைத்து. கிச்சே மக்களின் புராண நூலான போபோல் வூவில், மக்காச்சோள மாவால் மனிதரைச் செய்வதற்கு முன் தெய்வங்கள் செதுக்கிப் பார்த்தது இந்த மரத்தில்தான். அந்த மர ஆட்கள் பேசினார்கள், பிள்ளை பெற்றார்கள். படைத்தவர்களை மட்டும் நினைக்கவில்லை. கடைசியில் அவர்கள் வீட்டுச் சட்டிகளும் அரைகல்லுமே எழுந்து அடித்தன. நம் கல்யாண முருங்கையும் அதே பேரினம். அதன் விதைகளை வைத்துத்தான் மீதி எண்ணுகிறேன். நஞ்சு என்பதால், எண்ணி முடித்ததும் டப்பாவில் போட்டு, பேத்திக்கு எட்டாமல் பரண்மேல் வைத்துவிடுகிறேன்.