பெர்லினில் ஆப் கார்: எடுப்பதைவிட விடுவதில் கவனம் வேண்டும்

பெர்லினுக்கு வந்தவுடன் கார் வாங்கத் தேவையில்லை. ஊபான் (சுரங்க ரயில்), எஸ்பான் (நகர ரயில்), டிராம், பஸ் எல்லாம் ஒரே டிக்கெட்டில் ஓடுகின்றன. ஆனால் சனிக்கிழமை மெத்தையும் மேசையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போதும், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை நாலு பெட்டியோடு ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வரும்போதும் ஒரு கார் இருந்தால் தேவலை என்று தோன்றும். அதற்குத்தான் தெருவோரம் நிற்கும் இந்த ஆப் கார்கள். பக்கத்துத் தெருவில் நிற்பதை போனில் பார்த்து, போனிலேயே கதவைத் திறந்து, ஓட்டிப்போய், சேர்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடக்கலாம். எடுத்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

இந்த முறையை 2008-இல் டைம்லர் நிறுவனம் உல்ம் நகரில் சோதித்துப் பார்த்தது. பெயர் கார் டு கோ. அது 2019-இல் பி.எம்.டபிள்யூ.வின் டிரைவ்நவ்வோடு சேர்ந்து ஷேர் நவ் ஆனது. 2022-இல் ஸ்டெல்லாண்டிஸ் குழுமம் அதை வாங்கிக்கொண்டது. அதனால் பழைய நண்பர் சொல்லும் பெயர் இன்று ஆப் ஸ்டோரில் இல்லாமல் போகலாம். கவலை வேண்டாம், முறை அதேதான்.

முதலில் லைசென்ஸ். இதை மட்டுமாவது தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இந்திய லைசென்ஸ், நீங்கள் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரைதான் இங்கே செல்லும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கப் போவதில்லை என்று காட்ட முடிந்தால் நீட்டிப்பு கேட்கலாம். மற்றபடி எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுதி ஜெர்மன் லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாம். கண் பரிசோதனையும் முதலுதவி வகுப்பும் உண்டு. வந்த மாதமே வேலையைத் தொடங்கிவிடுங்கள், ஆறு மாதம் ஓடிவிடும். ஏழாவது மாதத்திலும் ஆப் கதவைத் திறந்துவிடலாம். அதனால் சட்டம் அனுமதித்துவிட்டது என்று அர்த்தமில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது இங்கே அபராதத்தோடு முடிகிற விஷயமில்லை, கிரிமினல் குற்றம். உங்கள் கணக்கில் எடுத்த காரை நண்பர் கையில் கொடுக்கவும் கூடாது.

அப்புறம், காரைத் தொடும் முன் ஒரு சுற்று வாருங்கள். நான் எடுத்த ஒரு காருக்கு இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது: பின்சக்கர ரிம்மில் கீறல், பணம் கட்டவும் என்று. நல்லவேளையாக, மழையில் நனைந்துகொண்டே நாலு பக்கமும் படம் எடுத்திருந்தேன். வலது பின்சக்கரம், சேறு படிந்த ரிம், அதில் நகத்தளவு வெள்ளைக் கோடு. வண்டி எடுப்பதற்கு முந்தைய நேரம் படத்திலேயே பதிவாகியிருந்தது. அனுப்பினேன், விஷயம் முடிந்தது. படம் இல்லையென்றால் செல்ப்ஸ்ட்பெடைலிகுங், அதாவது இன்சூரன்ஸ் போக நம் தலையில் விழும் பங்கு, வரை நான்தான் கட்டியிருக்க வேண்டும். ரிம், பம்பர் மூலைகள், கண்ணாடி. இந்த மூன்றையும் கிட்டப் போய் எடுங்கள்.

ஓட்டுவதில் நம் ஆட்கள் பயப்படுவது வலதுபக்கம் ஓட்டுவதற்கு. அது ஒரு நாளில் பழகிவிடும். உண்மையில் தடுமாற வைப்பது 'ரெஹ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்'. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலதுபக்கமிருந்து வருபவருக்கே முதல் உரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி. முப்பது கிலோமீட்டர் வேகப் பகுதிகளில் பெரும்பாலான சந்திப்புகள் இப்படித்தான். வலதுபக்கம் திரும்பும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், சைக்கிள் வந்துகொண்டிருக்கும். குழந்தைக்குப் பன்னிரண்டு வயதோ 150 செ.மீ. உயரமோ ஆகும் வரை தகுந்த இருக்கை கட்டாயம்.

கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மைல்ஸ் என்ற கம்பெனி கிலோமீட்டர் கணக்கில் வாங்குகிறது, வேறு சிலர் நிமிடக் கணக்கில். மாலை நெரிசலில் கிலோமீட்டர் கணக்குதான் நிம்மதி. பெட்ரோல் காசு பொதுவாகக் கட்டணத்திலேயே அடக்கம்.

இப்போது, விடும் இடம். ஆப் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் பகுதிக்குள்தான் வாடகையை முடிக்க முடியும். நகரின் நடுவே, எஸ்பான் ரிங் என்னும் வட்ட ரயில் பாதைக்குள், பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வெளியே போகப் போகக் கோடு நெளியும், தெருவுக்குத் தெரு மாறும். ஏர்போர்ட்டில் விடத் தனி இடம், தனிக் கட்டணம். சூப்பர்மார்க்கெட் வாசலில் விடாதீர்கள், அது தனியார் நிலம். தரையடி பார்க்கிங்கில் போனுக்கு சிக்னல் கிடைக்காமல் வாடகையை முடிக்க முடியாமல் நிற்பீர்கள், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட மோசமான பொறி, தற்காலிக ஹால்டெவெர்போட், அதாவது சில நாளுக்கு மட்டும் வண்டி நிறுத்தத் தடை. யாரோ வீடு மாற்றுகிறார்கள் என்றால் லாரிக்காகக் காலூன்றிய பலகை ஒன்றை நாலு நாள் முன்பே தெருவில் வைத்துவிடுவார்கள். சிவப்பு வட்டம், குறுக்குக் கோடுகள், கீழே சின்ன எழுத்தில் தேதியும் நேரமும். இன்று அங்கே காலியாகத்தான் இருக்கும். நாளை மறுநாள் காரை இழுத்துப்போவார்கள், ரசீது கடைசியாக நிறுத்தியவர் பெயருக்கு வரும். இறங்கியதும் முன்னும் பின்னும் இருபது அடி நடந்து பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகே ஆப்பில் வாடகையை முடியுங்கள். கதவு பூட்டிக்கொண்டதைக் காதால் கேட்டு, முடிந்தது என்று திரையில் வந்ததையும் பார்த்துவிட்டு நகருங்கள்.

பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் உள்ள மயூரபதி முருகன் கோயிலுக்கு முதன்முதலில் போகும்போது பலர் இந்தக் காரைத்தான் நினைக்கிறார்கள். அது ரிங்குக்கு வெளியே. கிளம்பும் முன் ஆப் வரைபடத்தில் அன்றைய எல்லைக் கோடு எங்கே என்று பாருங்கள். கோயில் தெரு உள்ளே வரவில்லையென்றால் ஊபான் 7-ஆம் தடம் (U7) பிடித்து பிளாஷ்கோஅல்லேயில் இறங்கி நடப்பதே சௌகரியம்.