தாய் ரத்தம், சேய் ரத்தம்: சிவப்பணு அளவுகளை ஒப்பிடுவது எப்படி

ஒப்பீடு தவறுவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் இடத்தில்தான். தாயின் மாதிரியைப் பிரசவத்துக்கு முன், டிரிப்ஸ் ஏற்றாத கையில் எடுங்கள். பிரசவம் முடிந்து எடுத்தால், ரத்த இழப்பும் ஏற்றிய திரவமும் சேர்ந்து ஹீமோகுளோபினைக் குறைத்துக் காட்டும்.

குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தமே வசதி. கவ்வியிட்டு வெட்டியபின், நஞ்சுக்கொடிப் பக்கம் உள்ள தொப்புள்கொடியைச் சலைன் நனைத்த துணியால் துடைத்து, தடித்த சிரையில் ஊசி செலுத்தி 2 மி.லி. எடுத்து, ஊதா மூடி இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் குறியளவு வரை நிரப்புங்கள். கொடியைப் பிழிந்து வடிக்க வேண்டாம். உள்ளிருக்கும் கூழ் கலந்து ரத்தம் கட்டிவிடும். உடனே 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குறியளவுக்குக் குறைந்தால் மிகுதியான மருந்து செல்களைச் சுருக்கி ஹீமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) குறைக்கும். நீண்ட நேரம் வைத்தாலோ செல்கள் வீங்கி எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு) ஏறும். அதனால் இரு குழாய்களையும் 6 மணி நேரத்துக்குள், ஒரே கருவியில் ஓட்டுங்கள்.

கொடியைக் கவ்விய நேரத்தையும், மாதிரி எங்கிருந்து எடுத்தது என்பதையும் லேபிளிலேயே எழுதுங்கள். பிறந்த பிறகு குழந்தையிடமே எடுத்தால் இது இன்னும் முக்கியம்: தாமதமாகக் கவ்விய குழந்தைக்கு ஹீமோகுளோபின் கூடுதல், குதிகால் குத்திய ரத்தம் சிரை ரத்தத்தைவிட உயர்வாகக் காட்டும்.

இனி எண்கள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் தாய்க்கு ரத்தசோகை. நிறைமாதக் குழந்தைக்கு 16, 17 கிராம் சாதாரணம். எம்.சி.வி. தாய்க்கு 80–100 ஃபெம்டோலிட்டர், குழந்தைக்கு 100-க்கு மேல். ஆர்.டி.டபிள்யூ.வும் (சிவப்பணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்பது) குழந்தைக்கு இயல்பாகவே அதிகம். ஆகவே இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் பயனில்லை; அவரவர் வயது வரம்போடு முதலில் ஒப்பிடுங்கள்.

அதன் பிறகே சேர்த்துப் படிக்கலாம். தாய்க்கு 9 கிராம், குழந்தைக்கு 16 என்று வந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். தாய்க்குப் பற்றாக்குறை இருந்தாலும் நஞ்சுக்கொடி இரும்பை இழுத்துக் குழந்தைக்குக் கொடுக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்க, சேமிப்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதத்தின் அளவு.

தாயின் எம்.சி.வி. குறைவாகவும் சிவப்பணு எண்ணிக்கை கூடுதலாகவும் இருந்தால் தலசீமியாவை (ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் பரம்பரை நோய்) நினையுங்கள். குழந்தையின் எம்.சி.வி. 95-க்குக் கீழ் இருந்தால் ஆல்ஃபா வகையைச் சந்தேகிக்கலாம். பீட்டா வகை பிறப்பில் தெரியாது. அப்போது பெரும்பாலும் ஓடுவது, பீட்டா சங்கிலி இல்லாத கரு ஹீமோகுளோபின். எம்.சி.வி. சரியாக இருக்கிறது என்று பீட்டா வகையை விலக்கிவிடாதீர்கள். குழந்தைக்கு ஒரு வயதானபின் ஹெச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை) செய்து பாருங்கள்.