நீலக் கலரும் சீனித் தண்ணியும்: இனிப்பு நாக்கை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

பால் போடாத தேத்தண்ணிக்குக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வது எங்கள் தோட்டத்துப் பழக்கம். ஒரே துண்டு அம்மாவுக்குத் திகட்டும். மாமா இன்னொன்று கேட்பார். இதற்கு நாக்கின் அமைப்பும் காரணமா என்று பார்ப்போம்.

தேவை: கேக்குக்குப் போடும் நீலக் கலர், பஞ்சுக் குச்சி, டோர்ச், 6 மில்லிமீற்றர் ஓட்டை போட்ட கடதாசித் துண்டு, சீனி.

முதலில் வாயைக் கொப்பளித்து, நாக்கின் ஈரத்தை ஒற்றியெடுங்கள். நுனிப் பக்கம் கலரைத் தடவி, எச்சிலைத் துப்பிவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். நீலத்துக்கு நடுவே ரவை சிந்தியதுபோல இளஞ்சிவப்பு மணிகள் தெரியும். எனக்கு முதல்முறை பார்த்தபோது கண்ணை எடுக்க மனமில்லை. அவை காளான் வடிவப் புடைப்புகள். நுனிப் பக்கத்தில் சுவையரும்புகள் இருப்பது அவற்றில்தான். ஒவ்வோர் அரும்பிலும் 50 முதல் 100 கலங்கள். நீலம் பிடித்த இழை போன்ற பகுதிக்குச் சுவை தெரியாது, சொரசொரப்புதான் தெரியும்.

சரி, இனி எண்ண வேண்டும். நுனிக்கு அருகே, நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமாகக் கடதாசியை வைத்து ஓட்டைக்குள் தெரியும் மணிகளை எண்ணுங்கள். நாக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும், அதனால் போனில் படம் பிடித்து எண்ணுவது நல்லது.

அப்புறம் சீனி. 200 மில்லிலீற்றர் தண்ணியில் ஒரு தேக்கரண்டி சீனியைத் தட்டையாக அளந்து கரையுங்கள். பாதியை அடுத்த கிளாஸில் ஊற்றி, அதே அளவு வெறும் தண்ணி சேருங்கள். இப்படியே நான்கு கிளாஸ். ஐந்தாவதில் வெறும் தண்ணி. எது எது என்று சொல்லாமல், ஐதானதிலிருந்து தொடங்கி ஒரு மடக்காகக் கொடுங்கள். இடையில் வாய் கொப்பளிக்க வேண்டும்.

எல்லாக் கிளாஸும் ஒரே இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். தண்ணி குளிர்ந்தால் இனிப்பு மங்கும். நுவரெலியா விடியலில் குழாய்த் தண்ணியில் செய்தால் கணக்கே பிழைத்துவிடும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு 27 மணி, மாமாவுக்கு 25. ஆனால் அம்மா நான்காவது கிளாஸிலேயே இனிப்பைச் சொன்னார், மாமாவுக்கு இரண்டாவதில்தான் பிடிபட்டது. மணிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது: அரும்புக்குள் சீனியைப் பிடிக்கும் ஏற்பிகள் ஆளுக்கு ஆள் மரபணுவால் வேறுபடும்.

நுனியில்தான் இனிப்பு தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், அது பிழை. பஞ்சுக் குச்சியை முதல் கிளாஸில் தோய்த்து நாக்கின் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், அங்கேயும் இனிக்கும்.