எந்த ஆயில் ஊத்தணும், சர்வீஸ்ல நிஜமாவே ஊத்தினாங்களா: மச்சானுக்கு போன்ல சொன்னது

போன வாரம் மச்சான் சர்வீஸ் சென்டர்ல இருந்து போன் பண்ணான். "மாமா, ஆயில் செமி சிந்தெட்டிக் போடவா ஃபுல்லி சிந்தெட்டிக் போடவான்னு கேக்குறாங்க, ஃபுல்லி போட்டா எஞ்சின் லைஃப் நல்லா இருக்குமாம், என்ன சொல்லட்டும்?" மேனுவல்ல என்னடா போட்டிருக்குன்னு கேட்டேன். "மேனுவலா, அது க்ளவ் பாக்ஸ்ல பிளாஸ்டிக் கவரோட அப்படியே இருக்கு மாமா." வண்டி வாங்கி மூணு வருஷம் ஆகுது! இவன் மட்டும் இல்ல, எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேர் இப்படித்தான், அதனால அவனுக்கு அவசரமா சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதிடறேன்.

மொதல்ல அந்தக் கவரப் பிரிங்க. மேனுவல்ல ஆயில் பத்தின பக்கத்துல மூணு விஷயம் இருக்கும்: கிரேடு, ஸ்டாண்டர்டு, அப்புறம் எத்தனை லிட்டர். லிட்டர் கணக்கு ஃபில்டர் மாத்தினா ஒண்ணு மாத்தலைன்னா ஒண்ணுன்னு ரெண்டா இருக்கும், ஃபில்டரோட சேத்து இருக்கறத எடுத்துக்கோங்க. அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. சர்வீஸ் அட்வைசர்கிட்ட பாதி வாக்குவாதம் அந்த ஒரு போட்டோலயே முடிஞ்சிடும்.

கிரேடுன்னா 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 அந்த மாதிரி. டபிள்யூன்னா விண்டர். முன்னாடி இருக்கற நம்பர் ஆயில் ஆறிப்போய் இருக்கறப்போ எவ்ளோ சுலபமா ஓடும்ங்கறது, பின்னாடி நம்பர் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்ங்கறது. இங்கதான் நம்ம ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு, "சென்னை வெயிலுக்கு இந்த தண்ணி ஆயில்லாம் தாங்காது சார், 20டபிள்யூ-50 ஊத்துங்க, எஞ்சின் சத்தமே வராது." அவர் பொய் சொல்லல, அம்பாசடர் காலத்துல கத்துக்கிட்டத சொல்றாரு. வெளிய கத்திரி வெயில் 41, 42 அடிச்சாலும் ஓடுற எஞ்சினுக்குள்ள ஆயில் 90, 100 டிகிரி பக்கத்துலதான் இருக்கும், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து அத பெருசா ஏறவும் விடாது இறங்கவும் விடாது, நீங்க ஊட்டில ஓட்டினாலும் உஸ்மான் ரோட்டுல ஓட்டினாலும் நம்ம நினைக்கற அளவு வித்தியாசம் இல்ல. இப்ப வர்ற எஞ்சின்ல பேரிங் இடைவெளி ரொம்பக் கம்மி, வால்வு டைமிங்க மாத்துற பார்ட்டே ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது, அதுக்குப் போய் கெட்டி ஆயில் ஊத்தினா மைலேஜ் குறையும், காலைல ஸ்டார்ட் பண்ற மொத சில நொடி ஆயில் மேல ஏற லேட் ஆகும், தேய்மானம் நிறைய நடக்கறதே அப்பதான். "சென்னைல எங்க சார் பனி பெய்யுது, 0டபிள்யூ எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கும் இதே பதில்தான், ராத்திரி பூரா நின்ன எஞ்சினுக்கு நம்ம ஊர் 28 டிகிரியும் குளிர்தான். மாருதியோட புது கே-சீரிஸ் எஞ்சினுக்கு 0டபிள்யூ-16ன்னு அதவிட மெலிசான ஆயிலே வருது.

சில மேனுவல்ல வெளி வெப்பநிலைய வெச்சு ரெண்டு மூணு கிரேடு டேபிள் போட்டு இருக்கும். அந்த டேபிளுக்குள்ள எது வேணா போடலாம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி ஆயில் குடிக்கிற பழைய வண்டின்னா அதுல ஒரு படி கெட்டியானத எடுக்கறது தப்பில்ல. டேபிள தாண்டிப் போகாதீங்க, அவ்ளோதான்.

அடுத்தது ஸ்டாண்டர்டு, நிறைய பேர் பாக்காம விடறது இதத்தான். கேன் பின்னாடி ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்போட தர முத்திரை) எஸ்என், எஸ்பி அப்படின்னு எழுதியிருக்கும். எஸ் வரிசை பெட்ரோலுக்கு, அடுத்த எழுத்து தள்ளிப் போகப் போக புதுசு. எஸ்பி 2020ல வந்தது. சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்ல, கம்மி ஸ்பீடுல திடீர்னு ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கற பிரச்சனை உண்டு, பிஸ்டனையே உடைக்கற அளவு போகும், அதையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் குறைக்கற மாதிரிதான் எஸ்பி ஆயில செஞ்சாங்க. டர்போ பெட்ரோல் வெச்சிருக்கறவங்க வேற யோசிக்காம எஸ்பி கேளுங்க. எஸ்என் கேட்ட வண்டிக்கு எஸ்பி ஊத்தலாம், எஸ்பி கேட்ட வண்டிக்கு எஸ்என் ஊத்தக்கூடாது.

டீசல் ஆளுங்களுக்கு இன்னும் முக்கியம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததுக்கு அப்புறம் டீசல் கார்ல டிபிஎஃப்னு புகைக்கரி புடிக்கிற ஃபில்டர் வருது. ஆயில் எரிஞ்சா வர்ற சாம்பல் அதுல போய் உக்காந்துக்கும், கரிய எரிக்கற மாதிரி சாம்பல எரிக்க முடியாது. அதனால சாம்பல் கம்மியா வர்ற, ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கத்தோட ஸ்டாண்டர்டு) சி2, சி3 மாதிரி சி வரிசை ஆயில் மேனுவல்ல கேட்டிருந்தா அதத்தான் ஊத்தணும். அந்த ஃபில்டர் மாத்துற செலவ ஒரு தடவ விசாரிச்சுப் பாருங்க, கேன்ல ஐநூறு ரூபா மிச்சம் புடிக்கற ஆசையே போயிடும்.

பிராண்டு? சர்வோவோ கேஸ்ட்ரோலோ ஷெல்லோ மொபிலோ, மேனுவல் கேட்ட கிரேடும் ஸ்டாண்டர்டும் கேன்ல இருந்தா எனக்கு எல்லாம் ஒண்ணுதான். மச்சான் கேட்ட செமியா ஃபுல்லியாவுக்கும் அதான் பதில், 0டபிள்யூ-20 கேக்குற வண்டின்னா அந்த கிரேடே சிந்தெட்டிக்லதான் வரும், அட்வைசர் அத பெரிய சாய்ஸ் மாதிரி கேக்கறதே வேடிக்கை. வெளில வாங்கினா சென்னை ஜிபி ரோட்டுல பில்லு போட்டுக் குடுக்கற கடையிலயோ பெட்ரோல் பங்குலயோ வாங்குங்க, எம்ஆர்பில பாதிக்கு ஒருத்தன் குடுக்கறான்னா அவன் ஏன் குடுக்கறான்னு யோசிங்க. காலி கேன தூக்கிப் போடறப்போ ஓட்டை போட்டுப் போடுங்க, இல்லைன்னா நம்ம கேன்லயே போலி ஆயில் திரும்பி வரும். அப்புறம் மிச்சம் இருக்கற கார் ஆயில பைக்ல ஊத்தாதீங்க, பைக்ல கிளட்சும் அதே ஆயில்லதான் ஊறுது, வழுக்க ஆரம்பிச்சிடும்.

இப்ப சர்வீஸ் சென்டர் கதைக்கு வர்றேன். என் வண்டி சின்ன பெட்ரோல் கார், ஃபில்டரோட சேத்து மூணேகால் லிட்டர் கூட புடிக்காது. ரெண்டாவது ஃப்ரீ சர்வீஸ்ல பில்ல பாத்தா நாலு லிட்டர். கேட்டா "கேன் ஓப்பன் பண்ணிட்டோம்ல சார்"ன்னாரு. சரி மிச்சத்த குடுங்கன்னா இல்ல. உள்ள போய்ப் பாத்தா ஆயில் வர்றது கேன்லயே இல்ல, பேரல்ல இருந்து கன்னுல அடிக்கறாங்க! அன்னிக்குதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. அடுத்த சர்வீஸுக்கு போறதுக்கு முன்னாடி பொண்ணோட நெயில் பாலிஷ எடுத்து ஆயில் ஃபில்டர் மேல சின்னதா ஒரு புள்ளி வெச்சேன். சாயங்காலம் வண்டி வந்துச்சு, பில்லுல புது ஃபில்டர் ஒண்ணு, குனிஞ்சு பாத்தா ரோஸ் கலர் புள்ளி என்னைப் பாத்து சிரிக்குது.

கத்தல. அட்வைசர கூப்பிட்டு காட்டினேன், "டெக்னீஷியன் மறந்திருப்பாரு சார்"னு உடனே மாத்திக் குடுத்தாங்க. மறந்தும் இருக்கலாம், ஒரு நாளைக்கு அத்தனை வண்டி தள்ளுறாங்க. அட்வைசருக்கு ஆயிலவிட எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சின உள்ள கழுவறது), ஏசி கிளீனிங், கோட்டிங் இதெல்லாம் விக்கறதுலதான் டார்கெட்டு, அடியில கைய விட்டு வேலை பாக்கற பையனுக்கு நேரம்தான் டார்கெட்டு. அதே சென்டருக்கு அப்புறம் மூணு வருஷம் போயிருக்கேன், ஒரு குறையும் இல்ல. இந்த ஆள் செக் பண்ணுவான்னு அவங்களுக்குத் தெரிஞ்சதுதான் காரணம்னு நினைக்கறேன்.

அதனால வண்டி விடறப்போ சனிக்கிழமை போகாதீங்க, கூட்டம் அலைமோதும், வாரநாள்ல காலைல மொத ஆளா போங்க. வீட்லயே டிப்ஸ்டிக், அதான் ஆயில் அளவு பாக்கற கம்பி, எடுத்து ஆயில் லெவலும் கலரும் போட்டோ, ஓடோமீட்டர் போட்டோ, ஃபில்டர்ல புள்ளி. ஜாப் கார்டுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் அதுலயே எழுதச் சொல்லுங்க: ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர், பழைய பார்ட்ஸ் திருப்பிக் குடுக்கணும். "என்ன கேக்காம எதுவும் ஆட் பண்ணாதீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லி அதையும் எழுத வெச்சிடுங்க. எஞ்சின் ஃப்ளஷ், ஆயில்ல ஊத்துற அடிட்டிவ், இஞ்செக்டர் கிளீனிங் எல்லாம் வரிசையா வரும், ஒவ்வொண்ணுக்கும் "இது மேனுவல்ல எத்தனாவது கிலோமீட்டர்ல போட்டிருக்கு சார்"ன்னு கேளுங்க. போடலைன்னா வேணாம். ஒழுங்கா ஆயில் மாத்துற வண்டிக்கு ஃப்ளஷ் தேவையே இல்ல.

வேலை நடக்கறத பாக்க விட்டா பாருங்க, கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தாலும் போதும். வண்டி கைக்கு வந்ததும் சமமான தரைல நிறுத்தி, எஞ்சின ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக்க எடுத்து தொடைச்சு திரும்ப விட்டு எடுத்துப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். மேல் கோட்ட தாண்டி இருந்தாலும் தப்புதான், கூட ஊத்தினா கிராங்க் ஷாஃப்ட் ஆயில கடைஞ்சு நுரையாக்கிடும், எடுக்கச் சொல்லுங்க. பெட்ரோல் வண்டில புது ஆயில் தேன் கலர்ல இருக்கும். டீசல்காரங்க கலர பாத்து சண்டைக்குப் போயிடாதீங்க, டீசல் எஞ்சின்ல புது ஆயில் கொஞ்சம் ஓடினதுமே கறுத்துடும், ஃபில்டர் புதுசாங்கறதுதான் உங்களுக்கு அத்தாட்சி.

நிஜமாவே ஏமாத்திட்டாங்கன்னா போட்டோ, ஜாப் கார்டு, பில்லு மூணையும் வெச்சு மொதல்ல சர்வீஸ் மேனேஜருக்கு மெயில், அப்புறம் கார் கம்பெனி கஸ்டமர் கேர், அதுவும் ஆகலைன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். வாய்ல பேசினதுக்கு மதிப்பில்ல, எழுத்துல இருக்கணும்.

வாரண்ட்டி இருக்கறப்போ வெளி மெக்கானிக்கிட்ட போகலாமான்னு கேப்பீங்க. 2014ல இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டப்போ, வெளில சர்வீஸ் பண்ணாலே வாரண்ட்டி போச்சுன்னு பொத்தாம்பொதுவா கண்டிஷன் போடக்கூடாதுன்னும் சொல்லிச்சு. ஆனா க்ளெய்ம் அன்னிக்கு அந்த ஆர்டர தூக்கிட்டுப் போய் கவுண்டர்ல சண்டை போட எனக்குத் தெம்பில்ல, அதனால வாரண்ட்டி முடியற வரைக்கும் டீலர்கிட்டயே பண்றேன். முடிஞ்சப்புறம் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட நம்ம வாங்கின கேன நம்ம கண்ணு முன்னாடி ஒடைச்சு ஊத்தச் சொல்றது எவ்ளோவோ மேல்.

எப்ப மாத்தணும்? நிறைய பெட்ரோல் காருக்கு பத்தாயிரம் கிலோமீட்டர் இல்ல ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அது. ஆனா அதே மேனுவல்ல கடுமையான உபயோகம்னு தனியா ஒரு பக்கம் இருக்கும், நின்னு நின்னு போற டிராஃபிக், குட்டி குட்டி ட்ரிப், தூசி. படிச்சுப் பாருங்க, ஓஎம்ஆர்ல ஆபீஸ் போறவன் தினசரி வாழ்க்கை அப்படியே எழுதியிருக்கும். சிக்னல்ல நிக்கறப்போ ஓடோமீட்டர் நகராது, எஞ்சின் ஓடிக்கிட்டேதான இருக்கு. நான் ஏழாயிரத்து ஐநூறுல மாத்திடறேன். டீசல்ல சின்ன ட்ரிப்பே ஓட்டினா டிபிஎஃப் கரிய எரிக்கறதுக்காக அடிக்கற டீசல் கொஞ்சம் ஆயில்ல கலந்து லெவல் ஏறும், டிப்ஸ்டிக்ல ஆயில் கூடுதேன்னு சந்தோஷப்படாம உடனே காட்டுங்க.

மழைக்கும் ஒண்ணு சொல்லிடறேன். வேளச்சேரி ஆளுங்க மழை எச்சரிக்கை வந்ததும் கார கொண்டு போய் மேம்பாலத்துல நிறுத்தறாங்கல்ல, கிண்டல் பண்ணாதீங்க, ரொம்ப சரியான வேலை. வண்டி தண்ணில நின்னுட்டா சாவியவே போடாதீங்க, ஸ்டார்ட் பண்ணிப் பாத்துதான் பல எஞ்சின் போச்சு. டிப்ஸ்டிக்ல ஆயில் பால் காபி கலர்ல இருந்தா உள்ள தண்ணி கலந்துடுச்சுன்னு அர்த்தம், நேரா டோ பண்ணுங்க.

சர்வீஸ் முடிஞ்சு வந்த அன்னிக்கு ராத்திரி வண்டி முன்பக்கம் அடியில பழைய நியூஸ் பேப்பர் விரிச்சு வைங்க. பழைய ஆயில வடிக்கறதுக்கு அடியில கழட்டுற ட்ரெயின் போல்டோட வாஷர மாத்தாம பழசையே போட்டு முறுக்கியிருந்தா காலைல பேப்பர்ல பழுப்பா ஒரு சொட்டு இருக்கும். வெறும் தண்ணி சொட்டுன்னா ஏசி, விட்டுடுங்க. ஆயில் சொட்டுன்னா பேப்பரையும் கையோட எடுத்துட்டுப் போங்க.