கடைசி மாதச் சம்பளத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

"கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கா? அப்புறம் எங்கே போய்க் கேட்பே?" தேக்காவில் நான் கல்லாவில் நின்ற மளிகைக்கடை முதலாளி, வேலையை விட்ட பிறகு என்னிடம் கேட்டது இது. சிங்கப்பூரில் வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்ட வேலையும் ஒப்பந்தம்தான். சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை விதிமுறைகளை எழுதித் தருவதும், சம்பளச் சீட்டு கொடுப்பதும் 2016 ஏப்ரலிலிருந்து முதலாளியின் கடமை. பேப்பர் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

முதலில் ஆதாரம். முந்தைய சம்பளம் வந்த வங்கிப் பதிவு, "நாளைக்கு ஏழு மணிக்கே கடையைத் திற" மாதிரியான வாட்ஸ்அப் செய்திகள். குழுவிலிருந்து உங்களைத் தூக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். எனக்குக் கைகொடுத்தவை அரிசி, பருப்பு இறங்கும்போது நான் கையெழுத்துப் போட்ட டெலிவரி ரசீதுகள். ஒவ்வொன்றையும் படமெடுத்து முதலாளிக்கு அனுப்புவது வழக்கம். தேதியும் நேரமும் அப்படியே இருந்தன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மத்திய சேமநிதிக் கணக்கையும் பாருங்கள். பணம் கட்டிய நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும்.

"நோட்டீஸ் கொடுக்காமல் போனாய், ஒன்றும் கிடையாது" என்பார்கள். நோட்டீஸ் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லையென்றால் சட்டம் சொல்வது இது: 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் 1 நாள், 2 வருடத்துக்குள் 1 வாரம், 5 வருடத்துக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். நான் ஒன்றரை வருடம் இருந்தேன். அவர் கேட்க முடிந்தது ஒரு வாரச் சம்பளத்தைத்தான், முழு மாதத்தையும் விழுங்க முடியாது. நோட்டீஸ் இல்லாமல் விலகினாலும் கடைசி நாளிலிருந்து 7 நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

அடுத்து, எந்த மாதம், எவ்வளவு வெள்ளி, எந்தத் தேதிக்குள் என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். திட்டி எழுதாதீர்கள், நாளைக்கு அதை மூன்றாவது ஆள் படிப்பார்.

பதில் இல்லையா? முதலாளி, தொழிலாளி தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் டிஏடிஎம் (TADM) என்னும் முத்தரப்பு அமைப்பிடம் இணையத்தில் புகார் கொடுங்கள். வேலையை விட்டு 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த மாசம் தரேன்" என்பதை நம்பி இழுக்க வேண்டாம். வொர்க் பெர்மிட்காரர்களுக்கும் இதே வழிதான். வீட்டுப் பணிப்பெண்கள் மட்டும் மனிதவள அமைச்சிடம் போக வேண்டும். சமரசப் பேச்சில் முடியாவிட்டால் அடுத்தது சம்பளக் கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றம். அங்கே இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது.

சமரசத்தில் முடிந்தால், தொகையையும் தேதியையும் எழுதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அந்த ஒப்பந்தத்தை 4 வாரத்துக்குள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். முதலாளி மறுபடி ஏய்த்தால் அதை வைத்தே வசூலிக்கலாம்.