கீபோர்டில் ஒலிக்காத கட்டைகளைச் சரிசெய்தல்: ரப்பர் பட்டையைத் துடைப்பதும் மாற்றுவதும்

என் 61 கட்டைக் கீபோர்டில் நடு ஸ்தாயிக் கட்டை ஒன்று, நான்கு முறை அழுத்தினால் மூன்று முறைதான் ஒலித்தது. சில வாரங்களில் அதற்கு அடுத்த கட்டை, விரல் எவ்வளவு மென்மையாகப் பட்டாலும் உச்ச ஒலியில் அலறத் தொடங்கியது. பழுதுபார்க்கும் கடையில் கட்டைத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே திறந்து பார்த்தபோது, மாற்ற வேண்டிய பொருள் எதுவும் இல்லை என்பதும், துடைக்க வேண்டிய அழுக்கு மட்டுமே இருந்தது என்பதும் தெரிந்தது.

ஒவ்வொரு கட்டைக்கும் கீழே சிலிகோன் ரப்பராலான குமிழ் ஒன்று இருக்கிறது. பல குமிழ்கள் சேர்ந்த நீளமான துண்டுதான் ரப்பர் பட்டை. குமிழின் உட்புறத்தில் இரண்டு கார்பன் பொட்டுகள் உள்ளன. கட்டையை அழுத்தும்போது முதல் பொட்டு சர்க்யூட் போர்டிலுள்ள கருப்புக் கோடுகளைத் தொடுகிறது, சில மில்லி நொடிகள் கழித்து இரண்டாவது பொட்டு தொடுகிறது, இந்த இடைவெளியை வைத்தே கருவி நம் விரலின் வேகத்தைக் கணக்கிடுகிறது. இடைவெளி குறைவாக இருந்தால் ஒலி பெரிதாகும். எனவே ஒரு பொட்டு மட்டும் சரியாகத் தொடாமல் போனால், கருவியின் வடிவமைப்பைப் பொறுத்து, அந்தக் கட்டை ஊமையாகலாம் அல்லது எப்போதும் முழு ஒலியில் அலறலாம். அலறும் கட்டையும் ஊமைக் கட்டையும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்தாம்.

திறப்பதற்கு முன் எந்தெந்தக் கட்டைகளில் பழுது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணைத்து, மிடி-ஆக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பார்த்தால், அதன் வேகம் 1 முதல் 127 வரையிலான எண்ணாகத் திரையில் தெரியும். மெதுவாக அழுத்தியும் 127 என்றே காட்டும் கட்டையைக் காதை மட்டும் நம்பிக் கண்டுபிடிப்பதைவிட இது எளிது.

பிறகு அடாப்டரைக் கழற்றி, பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். வீட்டு மின்சாரம் நேரடியாக உள்ளே செல்லும் டிஜிட்டல் பியானோவாக இருந்தால், பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். கீபோர்டைத் தடித்த போர்வையின் மீது கவிழ்த்து, அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றுங்கள். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது அவசியம், ஏனெனில் நீளமான திருகைக் குட்டையான திருகின் துளையில் முறுக்கினால் மேல்பக்கப் பிளாஸ்டிக் விரிசல் விடும். முனையில் காந்தம் உள்ள 2-ஆம் எண் ஸ்டார் திருப்புளியையே நான் பரிந்துரைப்பேன். காந்தமில்லாத திருப்புளியால் ஆழமான துளைகளிலிருந்து திருகை எடுப்பது பெரும்பாடு.

என் கருவியில் சர்க்யூட் போர்டுகள் கட்டைச் சட்டத்தின் அடியில் திருகப்பட்டிருந்ததால், கட்டைகளைக் கழற்றாமலேயே அவற்றை எடுக்க முடிந்தது. சில மாதிரிகளில் கட்டைகளையும் கழற்ற வேண்டியிருக்கும். ரிப்பன் கேபிளைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், இணைப்பானைப் பிடித்து நேராக எடுங்கள்.

ரப்பர் பட்டையை உரித்தெடுத்ததும் போர்டின் கருப்புக் கோடுகளின் மீது மெல்லிய தூசுப் படலம் தெரியும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். கைபேசி பழுதுபார்க்கும் பொருள்கள் விற்கும் கடைகளில், சென்னையானால் ரிச்சி தெருவில், ஐபிஏ என்று கேட்டாலே கொடுப்பார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் நீர் அதிகம் கலந்திருப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். உப்புத்தாள், பென்சில் அழிப்பான், துரு நீக்கும் ஸ்பிரே ஆகிய மூன்றும் இங்கே கூடவே கூடாது: முதல் இரண்டும் கார்பன் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும், மூன்றாவது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் மீண்டும் தூசு ஒட்டும். ரப்பரின் பொட்டுகளை அழுத்தித் தேய்க்காமல், லேசாக ஈரமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

என்னைத் தடுக்கிவிட்ட படி இதற்குப் பிறகுதான் வந்தது. ரப்பர் பட்டையின் அடியில் சிறிய கால்கள் வரிசையாக இருக்கும். அவை ஒவ்வொன்றும் போர்டிலுள்ள துளையின் வழியே முழுமையாக மறுபுறம் வர வேண்டும். நான் மேலிருந்து விரலால் அழுத்திவிட்டு, எல்லாம் பொருந்திவிட்டதாக நம்பி, அத்தனை திருகுகளையும் முறுக்கி மூடினேன். வாசித்துப் பார்த்தால், அதுவரை நன்றாக இருந்த மூன்று கட்டைகள் புதிதாக அலறின. மறுபடியும் திறந்தபோது, ஒரு கால் துளைக்குள் மடங்கிக் கிடந்ததும், அதனால் பட்டை அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எழும்பி, பொட்டுகள் தொடும் நேரத்தையே குலைத்திருந்ததும் தெரிந்தது. ஆகவே போர்டைத் திருப்பிப் பிடித்து, கால் நுனியை மழுங்கிய இடுக்கியால் மெதுவாக இழுத்துக்கொள்ளுங்கள். வர மறுத்தால் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும். எந்தக் காரணத்துக்காகவும் பட்டையைப் பசையால் ஒட்டாதீர்கள். குமிழ்களுக்கிடையே ஓடும் நுண்ணிய காற்றுக் கால்வாய்கள் அடைபட்டால், அழுத்திய குமிழ் உடனே எழும்பாது. பட்டை முழுவதும் படிந்த பிறகு, எல்லாக் கால்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆல்கஹால் முழுவதும் உலர்ந்த பின், இரண்டு மூன்று திருகுகளை மட்டும் மாட்டி, கேபிளை இணைத்து 61 கட்டைகளையும் சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் முழுமையாக மூடுங்கள்.

துடைத்தும் பயனில்லையென்றால் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். 61 கட்டைகளுக்கு, பன்னிரண்டு கட்டைப் பட்டைகள் நான்கும், பதின்மூன்று கட்டைப் பட்டை ஒன்றும் என் கருவியில் இருந்தன. நடுவிலுள்ள பட்டையையும், அதிகம் வாசிக்காத ஓரத்திலுள்ள பன்னிரண்டு கட்டைப் பட்டை ஒன்றையும் இடம் மாற்றிப் பாருங்கள். பழுது பட்டையுடன் சேர்ந்து நகர்ந்தால் ரப்பர்தான் தேய்ந்திருக்கிறது. அதே இடத்தில் நின்றால் போர்டில் கோளாறு. புதிய பட்டை கிடைக்கும்வரை இந்த இடமாற்றத்தோடேயே வாசிக்கலாம். பொட்டுகளின் மேல் பூசும் கடத்தும் கார்பன் பூச்சு ரிமோட்டுக்குப் பொருத்தமானதே தவிர, நாள்தோறும் அடிபடும் கட்டைக்கு நிலைக்காது என்பது என் கருத்து. அலுமினியத் தாளை ஒட்டுவதையும் நான் ஏற்கவில்லை. அதன் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் இருப்பதால் தொடர்பு நம்பகமாக அமையாது. கருவியின் மாதிரி எண்ணைச் சொல்லிப் புதிய பட்டை வாங்குவதே நல்லது.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒருவர், ஒழுங்கான இடைவெளியில் ஒவ்வொரு கட்டையாக ஊமையாக இருப்பதாகவும், துடைத்தும் மாற்றமில்லை என்றும் எழுதியிருந்தார். மின்சுற்றில் கட்டைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பிகளில், வரிசைகளாகவும் நிரல்களாகவும் கோக்கப்பட்டிருப்பதால், ஒரே கம்பி அறுந்தாலும் பல கட்டைகள் சேர்ந்து ஊமையாகும். இத்தகைய ஒழுங்கைக் கண்டால் ரப்பரைத் தொடாமல், முதலில் ரிப்பன் கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள், பிறகு மல்டிமீட்டரால் அதன் ஒவ்வொரு கம்பியிலும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய கருவியில் கேபிள் ஒரு பக்கம் பாதி வெளியே வந்திருந்தது.